சாம்பிள்தான் என்று சொன்னவள்

எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளியூரிலிருந்து வந்த மருமகள் யார் என்பதை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சத்தம் வந்ததும் கையில் இருக்கும் சொம்பைக் கீழே போடுகிறவள் புதுப்பெண். நானும் ஒரு சொம்பை நெளித்தவள்தான். ஆறு மாதம் போனபிறகு, பக்கத்துக் காட்டில் இடி விழுந்த மாதிரி கேட்டாலும் அரிசி களைந்துகொண்டே இருக்கப் பழகிவிட்டேன். வடக்கேயிருந்து வியாபாரிகள் வரும்போது, பட்டாசு கம்பெனிக்காரர்கள் கம்பெனிக்குப் பின்னால் உள்ள பொட்டலில் சரக்கை வெடித்துக் காட்டுவார்கள். அதற்குச் சாம்பிள் போடுவது என்று பெயர். சீசனில் ஒரே நாளில் நாலு இடத்தில் சாம்பிள் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பதறினால் சோறு பொங்க முடியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊர்த் தபாலாபீசின் பின்கட்டில் நான் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தேன். சாத்தூருக்கும் தாயில்பட்டிக்கும் போகிற ரோடுகளுக்கு நடுவில் கரிசல் காட்டில் கிடக்கும் ஊர். மொத்தம் ஐம்பது நம்பருக்கு ஒரு பலகை. அதில் முக்கால்வாசி பட்டாசு கம்பெனிகளும் தீப்பெட்டி ஆபீசுகளும் அவற்றின் முதலாளிகள் வீடுகளும்தான். யாராவது தங்கள் போனில் கைப்பிடியைச் சுற்றினால், என் பலகையில் அவர்கள் நம்பருக்கு மேலிருக்கும் சின்னத் தகட்டுக் கதவு 'டக்' என்று விழும். நான் கயிற்றைச் செருகி நம்பர் கேட்பேன். கேட்ட நம்பரில் மறு கயிற்றைச் செருகுவேன். ஜன்னல் இல்லாத அறை. வெளியே வெயிலா மழையா என்பதைக்கூடப் பேசுகிறவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தவளைத்தான் ஊர் கண்ணாக நினைத்தது. எங்காவது வெடித்தால் அடுத்த நிமிஷம் பலகையில் நாலைந்து கதவுகள் சேர்ந்து விழும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சாம்பிளா தாயி?" கம்பெனியில் தீப்பிடித்திருந்தால் அந்தக் கம்பெனி நம்பரிலிருந்து தீயணைப்பு வண்டிக்குக் கேட்டிருப்பார்கள், அது என் கை வழியாகத்தான் போயாக வேண்டும். அப்படி எதுவும் வரவில்லையென்றால் சாம்பிள். இதுதான் என் கணக்கு. சாம்பிள்தான் என்று நான் சொல்லிவிட்டால் அவரவர் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். விபத்து என்றால் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து வாளியும் மணலுமாக ஓடுவார்கள். அந்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. இருபத்து நாலு வயதில் எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. பெரிய முதலாளிகள்கூட என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று நினைப்பேன்.

வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். அச்சாபீசில் வேலை பார்த்த என் கணவருக்கு நெஞ்சுநோய். பாயில் படுத்தபடி இருமிக்கொண்டிருப்பார். என் வேலையும் அப்போது தற்காலிக வேலைதான். இரண்டு வருஷம் புகார் இல்லாமல் ஓட்டினால் நிரந்தரம் ஆக்குவார்கள். புகார் வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இதைப் போஸ்ட்மாஸ்டர் வாரத்துக்கு ஒரு தரமாவது எனக்கு ஞாபகப்படுத்துவார். நல்ல மனிதர்தான். ஆனால் பயந்தவர். பயந்தவர்களிடம் வேலை பார்ப்பது கோபக்காரர்களிடம் வேலை பார்ப்பதைவிடக் கஷ்டம்.

ஊருக்கு மேற்கே இரண்டு மைலில் ஒரு கம்பெனி. அதன் போர்மேன் தினமும் காலை பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் முதலாளி வீட்டு நம்பரைக் கேட்பார். அந்தக் கம்பெனியில் போன் பூட்டிய அறைக்குள் இருக்கும். சாவி அவர் இடுப்பில். இரண்டு வருஷத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். நம்பரைச் சொல்வதற்கு முன்னால், "சாப்பிட்டீகளா தாயி?" என்று கேட்பார். காலை பத்து மணிக்கு எதைச் சாப்பிட்டேன் என்று சொல்வது? இருந்தாலும் சாப்பிட்டேன் அண்ணாச்சி என்பேன். என் கணவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்ட ஒரே சந்தாதாரர் அவர்தான். அவர் மனைவியும் அதே கம்பெனியில் மருந்து அடைக்கிற அறையில் வேலை பார்த்தாள். வீட்டிலிருந்தபடி பட்டாசுக்குக் காகிதக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது தான்தான் என்று ஒருமுறை சொன்னார். கண்பார்வையில் இருக்கட்டும் என்றுதானாம்.

இனி என் முதல் தப்பைச் சொல்கிறேன். ஒரு பங்குனி மத்தியானம் அந்தக் கம்பெனிப் பக்கம் அடுத்தடுத்து ஆறேழு பெரிய சத்தம் கேட்டது. பலகையில் கதவுகள் விழுந்தன. கம்பெனிக்குக் கயிற்றைச் செருகி மணி அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. போன் அறையைப் பூட்டிவிட்டுப் போர்மேன் பொட்டலில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. எல்லோரும் செத்துக் கிடக்கிறார்களோ என்று பயந்துவிட்டேன். யாரையும் கேட்காமல், பக்கத்து டவுனில் இருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கு நானே பேசி வண்டியை வரச் சொல்லிவிட்டேன். வண்டி மணியடித்துக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் நின்றபோது, உள்ளே முதலாளி வியாபாரிகளுக்குச் சாம்பிள் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வந்த வியாபாரிகள் மிரண்டு போனார்கள். வண்டி வந்தது எப்படியோ அதிகாரிகள் காதுக்கும் போய், லைசென்ஸைக் காட்டு, சரக்கு இருப்பைக் காட்டு என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு மாதம் தலைவலி.

முதலாளி எழுத்தில் புகார் கொடுத்தார். எனக்கு மெமோ வந்தது. போஸ்ட்மாஸ்டர் அதை என்னிடம் நீட்டினார்.

"நம்பர் கேட்டா குடு. கேக்காதவனுக்கு நீ எதுக்கும்மா குடுக்க?" என்றார். இந்தத் தடவை எச்சரிக்கையோடு விட்டிருக்கிறார்கள், இன்னொரு மெமோ வந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் போர்மேன் பேசினார். அவரையும் முதலாளி பிடித்து உலுக்கியிருந்தார். வண்டியைக் கூப்பிட்டது அவர்தான் என்று முதலில் நினைத்து எல்லோர் முன்னாலும் கை ஓங்கியிருக்கிறார். இனிமேல் தன்னைக் கேட்காமல் அந்த வண்டி வாசலுக்கு வந்தால், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கணக்கு முடித்து வேலையைவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். என்னால்தானே அண்ணாச்சி என்று கேட்டேன். "விடுங்க தாயி. நல்லதுக்குத்தான செஞ்சீக" என்று சொல்லிவிட்டு நம்பர் கேட்டார். அதற்குப் பிறகு அவரும் நானும் சூடு கண்ட பூனைகள் ஆகிவிட்டோம்.

அதே வருஷம் ஆவணி மாதம். தீபாவளி சீசன். வடக்கேயிருந்து வியாபாரிகள் வந்து லாட்ஜில் தங்கியிருந்தார்கள். மத்தியானம் கம்பெனிக்கு வாருங்கள், சாம்பிள் பார்க்கலாம் என்று முதலாளி அவர்களிடம் போனில் சொன்னபோது, நான்தான் அன்று காலையில் லைன் போட்டுக் கொடுத்திருந்தேன். இரண்டு பதினெட்டுக்கு முதலாளிக்குக் கல்கத்தா டிரங்க் கால் கிடைத்தது. முதல் நாளே பதிந்து வைத்திருந்த வெளியூர்க் கால். சீட்டில் நேரத்தை எழுதினேன். இரண்டு இருபதுக்கு மேற்கே சத்தம் கேட்டது. பெரியதாக ஒன்று, அப்புறம் படபடவென்று சின்னதாக. முன்கட்டில் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த போஸ்ட்மாஸ்டரின் கை நிற்கவேயில்லை. என் கையும்தான்.

கதவுகள் விழுந்தன. முதலில் விழுந்தது அந்தக் கம்பெனி நம்பர்.

"தாயி, மொதலாளி வீட்டுக்குக் குடுங்க" என்றார் போர்மேன். சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை.

முதலாளி டிரங்கில் இருக்கிறார் என்றேன். எம்புட்டு நேரமாகும் என்று கேட்டார். தெரியவில்லை, கல்கத்தா கால் என்றேன். அவருக்குப் பின்னால் பல பேர் கத்துவது கேட்டது. சாம்பிள் போடும்போதும் ஆட்கள் கத்துவது வழக்கம்தான். ஆனாலும் என் மனசுக்குள் ஏதோ தட்டியது.

"அங்கன என்ன சத்தம் அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தாயி. மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேக்கணும். லைன வச்சிருக்கேன், அவுக முடிச்சதும் குடுங்க."

வண்டி வேணுமா என்று நான் கேட்டிருக்கலாம். வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம். எனக்கு மெமோ ஞாபகம் வந்தது. அவருக்கு ஓங்கிய கை ஞாபகம் வந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. கயிறு அவர் நம்பரில் செருகியபடியே இருந்தது.

மற்றக் கதவுகளை எடுத்தேன். தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று, சாம்பிளா என்றது. சாம்பிள்தான் என்றேன். அடுத்தது, அந்தக் கம்பெனிக்கு இரண்டு பர்லாங் தள்ளி இருக்கும் இன்னொரு பட்டாசு கம்பெனி. கிணறு வற்றுகிற பூமி என்பதால் அவர்களிடம் ஒரு தண்ணீர் லாரி எப்போதும் நிறைத்து நிற்கும். அங்கிருந்த கணக்கப்பிள்ளை பேசினார்.

"மேக்க புகையுது தாயி. சாம்பிளா?"

சாம்பிள் போட்டாலும் புகை வரும். அன்று சாம்பிள் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். வண்டிக்கு யாரும் கேட்கவில்லை. "சாம்பிள்தான்" என்றேன். சரி என்று அவர் வைத்துவிட்டார்.

அப்படிச் சொன்னபோது என் குரலில் சந்தேகமே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. போர்மேன் லைனைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருக்கிறார், பின்னால் கூச்சல் கேட்கிறது, அவர் குரல் அவர் குரலாகவே இல்லை. இவ்வளவும் தெரிந்தவள், தெரியவில்லை, போய்ப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரே என்னைக் கேட்கிறது என்ற கொழுப்பு அது.

டிரங்க் காலில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் குறுக்கே போய், இன்னும் பேசுகிறீர்களா என்று கேட்பது என் வேலை. இரண்டு இருபத்தொன்றுக்குக் கேட்பது கதவுகளை எடுத்த அவசரத்தில் விட்டுப்போயிற்று, இரண்டு இருபத்து நாலுக்குக் கேட்டேன். பேசுகிறேன் என்றார் முதலாளி. இரண்டு இருபத்து ஏழுக்குக் கேட்டேன். "பேசிக்கிட்டுத்தான இருக்கேன்" என்று சீறினார். இரண்டு தரம் அவர் காதுக்குள் என் குரல் போயிருக்கிறது. உங்கள் போர்மேன் காத்திருக்கிறார் என்று சேர்த்துச் சொல்ல ஒரு மூச்சு போதும். புகார் கொடுத்த வாய் அது என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. இடையில் ஒருமுறை போர்மேன், "முடிச்சிட்டாகளா தாயி?" என்று கேட்டார். இன்னும் இல்லை அண்ணாச்சி என்றேன்.

இரண்டு முப்பதுக்கு டிரங்க் கால் முடிந்தது. இருவரையும் இணைத்தேன். கேட்கக்கூடாது என்பது விதி, கேட்டேன்.

"மருந்து ரூம்பு போயிருச்சு மொதலாளி. கீத்துக் கொட்டகையில பிடிச்சிருக்கு. வண்டிக்குச் சொல்லவா?"

"இதக் கேக்கவாலே உக்காந்திருக்க? சொல்லு, சொல்லு" என்றார் முதலாளி. அவர் குரலும் உடைந்துவிட்டது. அந்த ஆளும் மனுஷன்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்த நேரம் அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இரண்டு முப்பத்திரண்டுக்குத் தீயணைப்பு நிலையத்துக்குக் கால் போனது. நான் பக்கத்துக் கம்பெனிக்கும் மணி அடித்துச் சொன்னேன். லாரி கிளம்பியது. வண்டி டவுனிலிருந்து வந்து சேர அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. லாரி முன்னாலேயே போய்விட்டது, ஆனாலும் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். முதல் வெடிப்பில் செத்தவர்கள் நாலு பேர். அவர்களை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று பிறகு சொன்னார்கள். ஐந்தாவது ஆள் போர்மேனின் மனைவி. சுவர் சரிந்து கால்கள் மாட்டிக்கொண்டன. மேலே காயம் பெரிதில்லை. பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள்மேல் கொட்டகைத் தீ வந்துவிட்டதால் விட்டுவிட்டு விலகியிருக்கிறார்கள். ஒரு லாரித் தண்ணீர் கொட்டகையை அணைத்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். யாரும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

விசாரணை வந்தது. என் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். டிரங்க் கால் இரண்டு பதினெட்டு முதல் இரண்டு முப்பது வரை. தீயணைப்புக் கால் இரண்டு முப்பத்திரண்டு. வண்டிக்கு யாராவது முன்பே கேட்டார்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். கேட்டதும் தாமதம் செய்யாமல் கொடுத்தாயா என்றார். கொடுத்தேன் என்றேன். இரண்டும் உண்மை. உள்ளூர்க் கால்களுக்குச் சீட்டு கிடையாது. அதனால் சாம்பிள்தான் என்று நான் சொன்னது எந்தக் காகிதத்திலும் இல்லை. பக்கத்துக் கம்பெனிக் கணக்கப்பிள்ளையையும் யாரும் விசாரிக்கவில்லை. அவராகவும் வாயைத் திறக்கவில்லை. லாரியை அனுப்பாமல் உட்கார்ந்திருந்தது வெளியே தெரிந்தால் அவருக்கும்தான் கேவலம். ஆப்பரேட்டர் விதிப்படி நடந்துகொண்டார் என்று எழுதினார்கள். போஸ்ட்மாஸ்டர் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷமாக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை நான் குடித்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போர்மேன் தபாலாபீசுக்கு வந்தார். குரலை வைத்து நான் ஆஜானுபாகுவான ஆளாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, என் தோளுயரம்தான் இருந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கட்டு. போனை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கல்லைப் புரட்டியவர் அவர். பின்கட்டு வாசலிலேயே நின்றார். அவள் மாட்டிக்கொண்டது அப்போதே தெரியுமா என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"பாத்துட்டுத்தான் போனுக்கு வந்தேன் தாயி" என்றார். "நீங்க என்ன செய்வீக? நான் கேட்டது மொதலாளி நம்பரத்தான. நான் வண்டிய கேட்டிருந்தா நீங்க குடுத்திருப்பீக." இதைச் சொல்லத்தான் வந்ததாகச் சொன்னார். நான் மனசு கஷ்டப்பட்டுக்கொண்டிருப்பேன் என்று யாரோ சொன்னார்களாம்.

தன்மேல் பழியை எல்லாம் போட்டுக்கொண்டு என்னை விடுவிக்க இரண்டு மைல் நடந்து வந்திருந்தார். பக்கத்துக் கம்பெனிக்கு நான் சாம்பிள்தான் என்று சொன்னதை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். முன்கட்டில் போஸ்ட்மாஸ்டர் இருந்தார். நிரந்தர உத்தரவு வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. உட்காருங்க அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

உத்தரவு வந்தது. அதற்கு அடுத்த வருஷம் என் கணவர் இறந்துபோனார். போர்மேன் அதே கம்பெனியில்தான் இருந்தார். கம்பெனியைத் திரும்பக் கட்டி, ஓடு போட்டு, வேறு பெண்களை உட்கார வைத்தார்கள். காலை பத்து, சாயங்காலம் நாலு, நம்பரை மட்டும் கேட்பார். ஒரே ஒரு புது வழக்கம். சாம்பிள் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "மூணு மணிக்குச் சாம்பிள் தாயி, யாரும் கேட்டா சொல்லுங்க" என்பார். மற்றக் கம்பெனிகளும் அதைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தன. முன்கூட்டிச் சொல்லாத சத்தம் கேட்டால், தெரியவில்லை, போய்ப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அப்படி ஓடியதில் இரண்டு தரம் ஆட்கள் பிழைத்திருக்கிறார்கள். அதை வைத்து என் கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைத்ததில்லை.

அறுபதுகளின் கடைசியில் எனக்கு விருதுநகருக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் பத்து மணிக்கு அவர் கதவு விழுந்தது. போகப்போறீகளாமே என்றார். ஆமாம் என்றேன். நம்பர் கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் தாயி. அன்னைக்கு, பக்கத்துக் கம்பெனிக்காரக யாரும் உங்ககிட்ட விசாரிச்சாகளா? லாரி நின்னுச்சே, ஏன் வரலைன்னு எனக்கு அது மட்டும் விளங்க மாட்டேங்குது."

இத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் தினம் இரண்டு தரம் என்னிடம் நம்பர் கேட்டிருக்கிறார். இனி எனக்கு மெமோ பயம் இல்லை. பாயில் படுத்திருப்பவர் யாரும் இல்லை. முன்கட்டில் வேறு போஸ்ட்மாஸ்டர். பயப்படுவதற்குக் காரணம் ஒன்றுகூட மிச்சமில்லை.

"யாரும் கேக்கல அண்ணாச்சி" என்றேன்.

"சரி தாயி" என்றார். பிறகு, அந்த ஆவணிக்கு அப்புறம் முதல் தடவையாக, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான்.